தாய் கொடுத்த பிரதியும் நாம் சுமத்தும் பழியும்

"தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்பது எம்மவர் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. பிள்ளை சோதனையில் நல்ல புள்ளி எடுத்தாலும், கலைவிழா மேடையில் நன்றாக ஆடினாலும் இதைச் சொல்லித்தான் தாயைப் பாராட்டுகிறோம். ஆனால் பிள்ளை நடக்கப் பிந்தினால், வாய் திறந்து பேசாவிட்டால், வலிப்பு வந்தால், அதே பழமொழி தாயின் தலையில் பழியாக இறங்கி விடுகிறது. "தாய் வழியில் யாருக்கும் இப்படி இருந்ததோ?" என்ற கேள்வி முதலில் மெல்லிய குரலிலும் பிறகு உரத்த குரலிலும் கேட்கப்படுகிறது.

இந்த இதழின் சுகாதாரப் பகுதியில் ஏஞ்சல்மன் சின்ட்ரோம் என்னும் அரிய நோய் பற்றி எழுதுகிறோம். ஏறத்தாழ 12,000 முதல் 20,000 பேருக்கு ஒருவர் என்ற அளவிலேயே இது காணப்படுகிறது. நீரிழிவு, இரத்த அழுத்தம் பற்றி எழுத வேண்டிய பக்கத்தில் இப்படி ஒரு அபூர்வ நோய் எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. இந்த நோயில் வைத்தியர்கள் உண்மையாகவே "தாயிடமிருந்து வந்த பிரதி" என்ற சொற்களைப் பயன்படுத்துகிறார்கள். வைத்தியசாலையில் சொல்லப்படும் அந்த வார்த்தை வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் "தாயால் வந்த நோய்" என்று மாறி விடுகிறது. இந்த இரண்டுக்கும் இடையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. அதை விளக்குவதே எமது நோக்கம்.

வாரிங்டன் வைத்தியரும் மூன்று பிள்ளைகளும்

இந்த நோயை உலகுக்கு முதலில் எடுத்துச் சொன்னவர், நாம் வாழும் இந்தப் பிரித்தானியாவிலேயே பணியாற்றிய ஒரு குழந்தை வைத்தியர். லிவர்பூலுக்கும் மன்செஸ்டருக்கும் இடையில் உள்ள வாரிங்டன் நகரில் வேலை செய்த ஹரி ஏஞ்சல்மன், 1965இல் மூன்று பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். மூவருக்கும் பேச்சு இல்லை. நடை தள்ளாடியது. வலிப்பு வந்தது. ஆனால் மூவரும் எப்போதும் சிரித்த முகத்துடன் இருந்தார்கள். இத்தாலியின் வெரோனா நகரிலுள்ள அருங்காட்சியகம் ஒன்றில் அவர் பார்த்த, சிரித்தபடி நிற்கும் சிறுவனின் பழைய ஓவியம்தான் இந்தப் பிள்ளைகளை ஒன்றாக வைத்து எழுதும் எண்ணத்தைத் தந்தது என்று அவரே கூறியிருக்கிறார்.

அவர் இவர்களைப் "பொம்மலாட்டப் பிள்ளைகள்" என்று குறிப்பிட்டார். பின்னர் "மகிழ்ச்சியான பொம்மை நோய்" என்ற பெயரும் சில காலம் வழங்கியது. பெற்ற பிள்ளையைப் பொம்மை என்று அழைத்தால் எந்தப் பெற்றோருக்குத்தான் மனம் நோகாது? 1982இல் அமெரிக்க வைத்தியர்கள் அந்தப் பெயரைக் கைவிட்டு, முதலில் விவரித்தவரின் பெயரையே வைக்கும்படி எழுதினார்கள். அதுவே நிலைத்தது. ஒரு நோய்க்கு எப்படிப் பெயர் வைக்கிறோம், அதைப் பற்றி எப்படிக் கதைக்கிறோம் என்பதும் வைத்தியத்தில் ஒரு பங்குதான் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

கலத்துக்குள் ஒரு துப்பரவு வேலை

எமது உடலின் ஒவ்வொரு கலமும் ஓயாமல் புரதங்களைத் தயாரிக்கிறது. அதைப் போலவே, தேவை முடிந்த புரதங்களையும் பழுதான புரதங்களையும் ஓயாமல் அழிக்கவும் வேண்டும். எதை அழிப்பது என்று கலத்துக்கு எப்படித் தெரியும்? வீட்டில் கழிக்க வேண்டிய சாமானில் "இது குப்பை" என்று எழுதி ஒட்டி விடுவோம் அல்லவா? கலமும் அதையே செய்கிறது. யுபிக்குயிட்டின் என்ற சின்னஞ்சிறு புரதமே அந்த ஒட்டுத்துண்டு. அது ஒட்டப்பட்ட புரதத்தைக் கலத்திலுள்ள ஓர் அரைவை இயந்திரம் உள்ளே இழுத்துத் துண்டு துண்டாக வெட்டி விடுகிறது. இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த ஏரன் சிச்சனோவர், ஏவ்ரம் ஹெர்ஷ்கோ, இர்வின் றோஸ் ஆகிய மூவருக்கும் 2004இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

கண்டபடி எல்லாவற்றிலும் ஒட்ட முடியாது. எதில் ஒட்டுவது என்று தெரிவு செய்யும் வேலைக்காரர்கள் கலத்தில் பல நூறு பேர் உண்டு. அவர்களில் ஒருவரைத் தயாரிக்கும் மரபணுவின் பெயர் யு.பி.ஈ.3ஏ. இது எமது 15ஆவது நிறமூர்த்தத்தில், அதாவது குரோமோசோமில் இருக்கிறது. இந்த மரபணு பழுதாவதே ஏஞ்சல்மன் நோய்க்குக் காரணம் என்பது 1997இல் நிறுவப்பட்டது. மூளையின் நரம்புக் கலங்களில் இந்த வேலைக்காரர் இல்லாவிட்டால், கழிக்க வேண்டியவை கழிக்கப்படாமல் நரம்புகளுக்கிடையிலான தொடர்புகள் ஒழுங்காக அமைவதில்லை. பேச்சும் நடையும் நித்திரையும் பாதிக்கப்படுவது அதனால்தான்.

இது குறைந்தாலும் தொல்லை, கூடினாலும் தொல்லை. தாயிடமிருந்து வந்த 15ஆவது நிறமூர்த்தத்தில் இந்த மரபணு உள்ள பகுதி இரட்டிப்பாகி விட்டால், ஓட்டிசமும் வலிப்பும் கொண்ட வேறொரு நோய் உண்டாகிறது. மூளைக்கு இந்த மரபணு அளவாக, சரியான அளவில் வேண்டும்.

தந்தையின் பிரதி ஏன் உறங்குகிறது?

எம் ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ எல்லா மரபணுக்களிலும் இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது. பெரும்பாலான மரபணுக்களில் இரண்டுமே வேலை செய்யும். ஒன்று பழுதானால் மற்றது ஓரளவு ஈடு கொடுக்கும்.

ஆனால் மனிதனிடம் உள்ள ஏறத்தாழ நூறு மரபணுக்கள் இந்த வழக்கத்துக்குக் கட்டுப்படாதவை. அவற்றில் "இது தாய் தந்தது", "இது தந்தை தந்தது" என்று ஒரு முத்திரை குத்தப்பட்டிருக்கும். அந்த முத்திரையைப் பார்த்து ஒரு பிரதி மட்டுமே திறக்கப்படும். மற்றது பூட்டியே இருக்கும். யு.பி.ஈ.3ஏ அப்படிப்பட்ட ஒன்று. உடலின் மற்றக் கலங்களில் இரண்டு பிரதிகளும் வேலை செய்தாலும், மூளையின் நரம்புக் கலங்களில் தந்தையின் பிரதி உறங்குகிறது. தாயின் பிரதி மட்டுமே விழித்திருந்து உழைக்கிறது.

இது நோயுள்ள பிள்ளையிடம் மட்டும் உள்ள நிலை அல்ல. இதை எழுதும் எமது மூளையிலும், வாசிக்கும் உங்கள் மூளையிலும் இதே கதைதான். நாம் எல்லோரும் இந்த விடயத்தில் தாய் தந்த ஒரே பிரதியை நம்பித்தான் பேசுகிறோம், நடக்கிறோம், நித்திரை கொள்கிறோம். கோடானு கோடி மனிதரில் அந்தப் பிரதி சத்தமில்லாமல் வேலை செய்யும்போது யாரும் தாய்க்கு நன்றி சொல்வதில்லை. ஒருவரில் அது தவறிப் போனால் மாத்திரம் தாயைத் தேடிப் போகிறோம்!

தந்தை பக்கத்துக்கும் இதைப் போல ஒரு நோய் உண்டு. அதே 15ஆவது நிறமூர்த்தத்தில் அதே பகுதி, தந்தை தந்ததில் இல்லாமல் போனால் பிராடர்-வில்லி என்ற முற்றிலும் வேறான நோய் வருகிறது. அந்தக் குழந்தைகள் பிறந்தபோது உடல் துவண்டு பால் குடிக்கக் கூடச் சிரமப்படுவார்கள். சில வருடங்களில் அடக்க முடியாத பசி தொடங்கும். இழந்த துண்டு ஒன்றுதான், இழந்த பக்கம்தான் வேறு. இயற்கை இரண்டு பெற்றோரிடமும் ஆளுக்கொரு பொறுப்பைக் கொடுத்திருக்கிறது. இதில் யாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது?

அப்படியானால் யார் காரணம்?

இந்நோயுள்ளவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் அளவில், தாயிடமிருந்து வந்த நிறமூர்த்தத்தில் ஒரு துண்டு விடுபட்டுப் போயிருக்கிறது. அது முட்டைக் கலம் உருவாகும்போது நேரும் தற்செயலான பிழை. தாயின் உடலில் வேறெங்கும் அந்தக் குறை இருப்பதில்லை. அவர் சாப்பிட்டதாலோ, சாப்பிடாததாலோ, வேலைக்குப் போனதாலோ, கிரகணத்தின் போது வெளியே வந்ததாலோ அது நடக்கவில்லை. ஏழரைச் சனிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. "சொந்தத்துக்குள் முடித்ததால் வந்தது" என்பதும் இங்கே பொருந்தாது. நெருங்கிய உறவில் திருமணம் செய்தால் வேறு சில பரம்பரை நோய்களுக்கான வாய்ப்புக் கூடும் என்பது உண்மை. ஆனால் அவை இரண்டு பிரதிகளும் பழுதானால் வருபவை. ஏஞ்சல்மன் அந்த வகையைச் சேர்ந்தது அல்ல.

சிறு எண்ணிக்கையானவர்களில் 15ஆவது நிறமூர்த்தத்தின் இரண்டு பிரதிகளும் தந்தையிடமிருந்தே வந்து விடுகின்றன. வேறு சிலரில் முத்திரை தவறாகப் பதிகிறது. துண்டு விடுபட்டிருந்தாலும், இரண்டும் தந்தையிடமிருந்து வந்திருந்தாலும், அடுத்த பிள்ளைக்கு இதே நோய் வரும் வாய்ப்பு பொதுவாக நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு.

நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் மரபணுவின் எழுத்திலேயே பிழை இருக்கிறது. இந்தப் பிழை புதிதாகவும் தோன்றலாம், தாயிடமும் இருக்கலாம். தாயிடம் இருந்தால் அடுத்தடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு சரிபாதி. முத்திரை தவறுவதிலும் இப்படிப் பரம்பரையாக வரும் அரிதான ஒரு வகை உண்டு. இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். தாயிடம் அந்தப் பிழை இருந்தும் அவர் சுகமாக இருக்கிறார் என்றால், அது அவருக்குத் தன் தந்தையிடமிருந்து வந்திருக்க வேண்டும், அல்லது அவரிலேயே புதிதாகத் தோன்றியிருக்க வேண்டும். தன் தாயிடமிருந்து வந்திருந்தால் அவருக்கே நோய் வந்திருக்கும். ஆக, "தாய் வழி" என்று நாம் விரல் நீட்டும் இடத்தில் பல வேளைகளில் பிள்ளையின் அம்மப்பா நிற்கிறார். அவருக்கும் அது தெரியாது, அவர் மேலும் தவறு இல்லை. அவரிலும் அது உறங்கும் பிரதியாக இருந்து சத்தமில்லாமல் கடந்து போயிருக்கலாம்.

இதிலிருந்து எமது சமூகத்துக்கு மிகவும் வேண்டிய ஒரு பாடம் பிறக்கிறது. விசேட தேவையுடைய பிள்ளையை எம்மவர் மறைப்பதற்குப் பெரிய காரணம், கூடப் பிறந்தவர்களின் கலியாணம். "வெளியில் தெரிந்தால் தங்கச்சியை யார் கேட்டு வருவினம்?" என்ற பயம். ஆனால் இந்நோயைப் பொறுத்தவரை, பிள்ளையின் சுகமான அண்ணனோ தங்கையோ அந்தப் பிழையைச் சுமப்பதில்லை என்றே கூறலாம். தாயிடமிருந்து அது அவர்களுக்கு வந்திருந்தால் அவர்களும் நோயாளர் ஆகியிருப்பார்கள். பரம்பரை வகை என்று உறுதியானால் பரிசோதனை செய்ய வேண்டியவர்கள் தாயின் கூடப் பிறந்தவர்கள், முக்கியமாகப் பிள்ளை பெறும் வயதில் உள்ள பெரியம்மாவும் சின்னம்மாவும். நோயை மறைக்கும்போது, ஆபத்தில்லாதவரைப் பாதுகாப்பதாக எண்ணிக்கொண்டு, அறிய வேண்டியவரை இருட்டில் விட்டு விடுகிறோம்.

எம் வீடுகளில் ஏன் பிந்துகிறது?

பொதுவாக ஆறு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் வளர்ச்சி பிந்துவது தெரியத் தொடங்கும். பின்னர் பேச்சு வராது, அல்லது ஓரிரு சொற்களோடு நின்று விடும். நடை தள்ளாடும், கைகளை அடிக்கடி அசைப்பார்கள். நித்திரை மிகக் குறைவு. தண்ணீரில் அளவில்லாத ஆசை. பெரும்பாலானோருக்கு மூன்று வயதுக்குள் வலிப்புத் தொடங்குகிறது. இவற்றுக்கு மேலாக, சின்னக் காரணத்துக்கும் பொங்கி வரும் சிரிப்பு.

அந்தச் சிரிப்பே எம்மை ஏமாற்றுகிறது. சிரிக்கிற பிள்ளைக்கு என்ன குறை என்று நினைக்கிறோம். "தகப்பனும் மூன்று வயதிலைதான் கதைச்சவர்" என்று பாட்டி ஆறுதல் சொல்கிறார். வீட்டில் தமிழும் வெளியில் ஆங்கிலமும் கேட்பதால் பிள்ளை குழம்பிப் போயிற்று என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பிள்ளை ஊமையாவதில்லை. அந்தப் பேச்சை நம்பி வீட்டில் தமிழை நிறுத்திய குடும்பம், பரிசோதனையையும் தவற விட்டு, பாட்டியின் மொழியையும் பிள்ளையிடமிருந்து பறித்து விடுகிறது.

இன்னுமொன்று. துண்டு விடுபட்ட வகையில் தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கும் மரபணு ஒன்றும் சேர்ந்து போவதால், பிள்ளை குடும்பத்தினரை விட வெளிர் நிறமாக இருப்பதுண்டு. எம்மவர் அதைப் பார்த்து "நல்ல வெள்ளைப் பிள்ளை" என்று மகிழ்வார்கள். வெள்ளையாகப் பிறந்த பிள்ளைகள் எல்லோருக்கும் நோய் என்று யாரும் பயப்பட வேண்டாம். வேறு அறிகுறிகளும் சேர்ந்திருந்தால் இதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள் என்பதே எமது வேண்டுகோள்.

முத்திரை சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனை நூற்றுக்கு எண்பது பேர் அளவில் நோயைக் காட்டி விடும். அதில் தெரியாவிட்டால் மரபணுவின் எழுத்துகளைப் படிக்கும் பரிசோதனை உண்டு. "நிறமூர்த்தம் எல்லாம் சரி" என்று முன்பு ஒரு சாதாரண பரிசோதனையில் சொல்லியிருந்தாலும் அது போதாது. குடும்ப வைத்தியரிடம் பிள்ளைகளுக்கான விசேட வைத்தியரிடமும், பின்னர் மரபணு ஆலோசனைப் பிரிவுக்கும் அனுப்பும்படி கேளுங்கள். ஆங்கிலம் கடினமென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், அதற்குப் பணம் இல்லை. பத்து வயது மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். "தாயின் பிரதி" என்பது "தாயின் குற்றம்" ஆவது அப்படித்தான்.

மருந்து உண்டா?

நோயின் வேரையே சரிசெய்யும் மருந்து என்று அங்கீகரிக்கப்பட்டது இதுவரை எதுவும் இல்லை. ஆனால் நம்பிக்கைக்கு இடம் இருக்கிறது. தந்தையின் பிரதி அழிந்து போகவில்லை, உறங்கத்தான் செய்கிறது. அதை எழுப்பினால் என்ன? எலிகளில் அதை எழுப்ப முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். தந்தையின் பிரதியைப் பூட்டி வைத்திருப்பது ஒரு நீண்ட ஆர்.என்.ஏ. இழை. அதை அழிக்கும் மருந்தை முதுகுத்தண்டு நீரில் ஊசி மூலம் செலுத்தும் பரிசோதனைகள் பிரித்தானியா உட்படப் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. 2020இல் ஒரு பரிசோதனையில் ஐந்து பேருக்குக் கால்கள் பலவீனமாகி, அது நிறுத்தப்பட்டது. அவர்கள் தேறினார்கள். அளவும் முறையும் மாற்றப்பட்டு மீண்டும் தொடங்கி, 2024 இறுதியில் மூன்றாம் கட்டத்தை எட்டியது. ஆகவே அவசரப்பட்டுப் பணத்தைக் கொட்டி, "குணமாக்குகிறோம்" என்று விளம்பரம் செய்வோரிடம் போக வேண்டாம்.

வலிப்புக்கு மருந்து உண்டு, நித்திரைக்கு உதவி உண்டு. ஆனால் கார்பமசெபின், விகபட்ரின் போன்ற சில வலிப்பு மருந்துகள் இந்நோயில் வலிப்பைக் கூட்டக் கூடியவை. ஊரிலிருந்து மாத்திரை வருவித்துக் கொடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பேச்சு இல்லாத பிள்ளைக்கு விளக்கம் இல்லை என்று எண்ணாதீர்கள். தாம் சொல்லக் கூடியதை விட இவர்கள் அதிகம் விளங்கிக் கொள்வார்கள். படங்களைத் தொட்டுக் கதைக்கும் பலகையிலும் கணினியிலும் "அம்மா", "தண்ணி", "அம்மம்மா" என்று தமிழிலும் படங்களைச் சேர்க்கலாம். இவர்களது ஆயுள் ஏறத்தாழ மற்றவர்களைப் போலவே நீண்டது. ஆகவே ஒரு முழு வாழ்க்கைக்குத் திட்டமிட வேண்டும். பிள்ளையின் கல்வித் தேவைகளை மதிப்பிடும்படி உள்ளூராட்சி சபையிடம் கேட்கும் உரிமையும், உதவிப் பணத்துக்கு விண்ணப்பிக்கும் உரிமையும் உண்டு. அவை பிச்சை அல்ல.

எமது கருத்து

மருந்து இல்லாத நோய்க்குப் பெயர் தெரிந்து என்ன பயன் என்று சிலர் கேட்பார்கள். பெயர் தெரிந்தால் தவறான மருந்தைத் தவிர்க்கலாம், அடுத்த பிள்ளை பற்றி அறிந்து முடிவெடுக்கலாம், பாடசாலை உதவி பெறலாம். எல்லாவற்றிலும் முக்கியமாக, இரவிரவாகக் கண் விழித்து "நான் என்ன பிழை விட்டேன்?" என்று தன்னையே கேட்கும் தாய்க்குப் பதில் கிடைக்கும்: நீங்கள் ஒரு பிழையும் விடவில்லை.

எமது சங்கம் மூன்று விடயங்களைச் செய்யலாம் என்று நினைக்கிறோம். கலைவிழாவிலும் விளையாட்டுப் போட்டியிலும் இப்படியான பிள்ளைகளுக்கும் இடம் ஒதுக்குவோம். சத்தம் கூடிய மண்டபத்துக்குப் பக்கத்தில் அமைதியான ஓர் அறை போதும். தமிழ்ப் பள்ளியில் "பேசாத பிள்ளைக்குத் தமிழ் எதற்கு?" என்று திருப்பி அனுப்பாதிருப்போம். தனியாக வைத்தியசாலைக்குப் போகப் பயப்படும் பெற்றோருடன் எங்களில் ஒருவர் கூடப் போவோம்.

நான்காவதாக ஒன்று உண்டு. அதற்குப் பணமோ மண்டபமோ தேவையில்லை. அடுத்த முறை அப்படி ஒரு பிள்ளையைக் காணும்போது "யார் பக்கத்தால் வந்தது?" என்று கேட்காமல், "நாங்கள் என்ன செய்ய வேணும்?" என்று கேட்போம்.